சீன எழுத்தில் எந்த வடிவம்? – வாசகர் கேள்வி பதில்

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில், சோழமண்டலக் கரையிலிருந்து சென்றவர்கள் நாகூர் ஆண்டகையின் நினைவாக 1828 முதல் 1830 வரை எழுப்பிய தர்காவையும், அதற்குச் சில அடி தள்ளி நிற்கும் தியான் ஹொக் கெங் என்ற சீனக் கோயிலையும் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். கோயிலின் மரப்பலகைகளில் உள்ள சீன எழுத்தும், அருகிலுள்ள ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் தமிழோடு சேர்ந்து நிற்கும் சீன எழுத்தும் ஒரே வகை அல்ல என்று அதில் ஒரு வரி வந்தது. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் மகன் பொறியியல் முடித்துவிட்டுச் சிங்கப்பூரில் வேலைக்கு முயல்கிறான், அதற்காக இணைய வழியில் சீனமும் கற்கிறான். ஆசிரியை சொல்லித்தருவது ஒரு வடிவம். தைவான் சென்று வந்த உறவினர் கொடுத்த புத்தகத்தில் இருப்பது வேறொரு வடிவம். இரண்டையும் படிப்பது வீண் உழைப்பாகிவிடுமோ என்று அவன் தயங்குகிறான். நான் அவனுக்கு என்ன சொல்வது? – ஒரு தந்தை, மன்னார்குடி

பதில்: சிங்கப்பூர்தான் இலக்கு என்றால், கையால் எழுதிப் பழகுவதற்கு, கோடுகள் குறைக்கப்பட்ட எளிய வடிவத்தையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சீன மக்கள் குடியரசில் 1956-ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த இந்த வடிவத்தைச் சிங்கப்பூர் 1969-இல் தன் சொந்தப் பட்டியலோடு தொடங்கி, 1976-இல் சீனாவின் பட்டியலோடு முழுமையாக ஒத்துப்போகச் செய்தது. மலேசியச் சீனப் பள்ளிகளும் இதையே கற்பிக்கின்றன. தைவானிலும் ஹாங்காங்கிலும் மக்காவ் பகுதியிலும், கோடுகள் குறையாத பழைய மரபு வடிவம் நிலைத்திருக்கிறது. தங்கள் மகனின் கையிலுள்ள புத்தகம் இந்த இரண்டாவது வகை.

அதற்காக அந்தப் புத்தகத்தைப் பரணில் ஏற்றிவிட வேண்டாம். இரண்டு வடிவங்களும் இரண்டு மொழிகள் அல்ல. இரண்டு முழு எழுத்து முறைகளும் அல்ல. 1986-இல் திருத்தி வெளியிடப்பட்ட சீன அரசின் பட்டியலில் 2,235 எளிய எழுத்துகள் உள்ளன. எண்ணிக்கையைக் கண்டு மலைக்கத் தேவையில்லை, ஏனெனில் அவற்றில் 1,753 எழுத்துகள் ஒரே விதியால் பிறந்தவை. 482 எழுத்துகளையும், எழுத்துக்குள் பகுதிகளாக அமையும் 14 உறுப்புகளையும் எப்படிச் சுருக்கினார்கள் என்று தெரிந்துகொண்டால், அவற்றுள் உறுப்பாகப் பயன்படுவனவற்றைக் கொண்டே மீதி அனைத்தையும் கண்டுபிடித்துவிடலாம். குதிரையைக் குறிக்கும் ‘மா’ என்ற எழுத்தை மரபு வடிவத்தில் 10 கோடுகளாலும் எளிய வடிவத்தில் 3 கோடுகளாலும் எழுதுவார்கள். அம்மா என்பதற்கான எழுத்தில் பெண்ணைக் குறிக்கும் உறுப்போடு, ஒலிக்காக இந்தக் குதிரை சேர்ந்து நிற்கிறது. திட்டுவதைக் குறிக்கும் எழுத்திலும், கேள்வியின் இறுதியில் வரும் சொல்லிலும் அதே குதிரைதான். குதிரை ஒன்று சுருங்கியதும் இவை அனைத்தும் தாமாகச் சுருங்கின. பேச்சைக் குறிக்கும் 7 கோட்டு உறுப்பு 2 கோடாக ஆனபோது, சொல்லுதல், மொழி, கவிதை, நன்றி ஆகியவற்றுக்கான எழுத்துகள் ஒரேயடியாக மெலிந்தன.

நான் சிங்கப்பூரில் பணிபுரிந்த ஆண்டுகளில் மாலை வகுப்பில் எளிய வடிவத்தைத்தான் படித்தேன். ஓராண்டு கழித்து அந்தத் தியான் ஹொக் கெங் கோயிலுக்குள் நுழைந்தபோது தூண்களிலிருந்த வரிகளில் பாதியைக்கூட என்னால் வாசிக்க முடியவில்லை. அது எனக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது. அன்றிரவே இரண்டு வடிவங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். உறுப்புகளின் இணைகள் மனத்தில் படிந்த பிறகு கண் தானாகவே தாவிவிடுகிறது. ஆகவே தங்கள் மகன் முதல் ஓராண்டு எளிய வடிவத்தில் எழுதட்டும். அதன் பிறகு, எழுதிப் பழகும் சுமையில்லாமல், மரபு வடிவத்தை வாசிக்க மட்டும் கற்கட்டும். அப்போது அந்தத் தைவான் புத்தகம் அவனுக்கு நல்ல துணையாகும்.

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது என் மாணவர்கள் ஒரு வாரத்தில் அதற்குப் பழகிவிட்டார்கள். சீனாவில் எழுத்தை எளிமையாக்கியதால்தான் எழுத்தறிவு பெருகியது என்று சொல்கிறார்களே, அது உண்மையா? உண்மையென்றால் தமிழிலும் இன்னும் பல எழுத்துகளை மாற்றலாம் அல்லவா? – கும்பகோணம்

பதில்: ஐயா, தங்கள் வகுப்பறையில் தாங்கள் கண்டதிலிருந்தே தொடங்குகிறேன். 1978-இல் தமிழில் மாறியவை 13 எழுத்துகள்: ணா, றா, னா, அவற்றின் ஒகர, ஓகார வடிவங்கள் ஆறு, தும்பிக்கைபோல் வளைந்த கோட்டோடு எழுதப்பட்ட ணை, லை, ளை, னை. இவற்றுக்குப் புதிய உருவம் எதுவும் படைக்கப்படவில்லை. மற்ற எழுத்துகள் ஏற்கெனவே பெற்றிருந்த காலையும் இணைக்கொம்பையும் இவற்றுக்கும் கொடுத்தார்கள். அரசாணை வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1935-இலிருந்து, பெரியார் தம் ‘குடி அரசு’ இதழில் இதை அச்சிட்டு வாசகர்களின் கண்ணைப் பழக்கியிருந்தார். ஒரு வாரத்தில் மாணவர்கள் பழகியதில் வியப்பில்லை. ஆனால் இந்த அனுபவத்தை அப்படியே சீனத்தின் மேல் ஏற்றிப் பார்த்தால் கணக்கு தவறிவிடும்.

1949-இல் சீனாவில் ஐந்தில் நால்வர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அந்த நிலையில் ஒரு புதிய அரசு, வயலிலிருந்து வந்து விளக்கு வெளிச்சத்தில் உட்காரும் உழவரின் கையில் பேனாவைக் கொடுக்க வேண்டியிருந்தபோது, 16 கோடுகளில் எழுத வேண்டிய ஓர் எழுத்தை 5 அல்லது 8 கோடுகளில் எழுதலாம் என்பது சிறிய சலுகை அல்ல. ‘உடல்’ என்பதற்கு மரபு வடிவத்தில் 23 கோடுகள், எளிய வடிவத்தில் 7. ‘கேள்’ என்பதற்கு 22 கோடுகள் 7 ஆகக் குறைந்தன. எழுதும் கைக்கு இது பெரிய விடுதலை என்பதை நான் மனமார ஏற்கிறேன்.

எழுத்தறிவுக்கு இதுவே காரணம் என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. தைவான் மரபு வடிவத்தை ஒரு கோடுகூடக் குறைக்காமல் வைத்துக்கொண்டே 1968-இல் கட்டாயக் கல்வியை ஒன்பது ஆண்டுகளாக்கியது. ஹாங்காங் 1978-இல் அதே ஒன்பது ஆண்டுகளை எட்டியது. இரண்டு இடங்களிலும் இன்று படிக்கத் தெரியாத இளைஞரைக் காண்பது அரிது. பள்ளிக்கூடமும், ஆசிரியரும், பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் வகுப்பில் உட்காரவைக்கும் குடும்ப நிலையும்தான் எழுத்தறிவைக் கொண்டுவந்தன; கோடுகளின் எண்ணிக்கை அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது. எழுதும்போது சுமையாகத் தோன்றும் கோடுகள் வாசிக்கும்போது அடையாளங்களாக உதவுகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. மிகவும் மெலிந்த இரண்டு எழுத்துகளைக் காட்டிலும், நிறைந்த இரண்டு எழுத்துகளைப் பிரித்தறிவது கண்ணுக்குச் சில வேளை எளிது.

எளிமையாக்கிய முறையும் எல்லா இடத்திலும் ஒரே தரத்தில் இல்லை. ‘அறிந்துகொள்’ என்பதற்கான ‘ரென்’ என்ற எழுத்தில், சிக்கலான பழைய ஒலியுறுப்பை நீக்கிவிட்டு, ‘ரென்’ என்றே ஒலிக்கும் ‘மனிதன்’ என்ற 2 கோட்டு எழுத்தை வைத்தார்கள். 14 கோடுகள் 4 ஆயின, ஒலிக்குறிப்பும் கெடவில்லை. இது அருமையான வேலை. ‘மேகம்’ என்பதற்கு மேலிருந்த மழை உறுப்பை எடுத்துவிட்டபோது, மழை சேர்வதற்கு முன்பு வழங்கிய மிகத் தொன்மையான வடிவமே திரும்பி வந்தது. மறுபுறம், கோழி, ‘ஹான்’ என்ற இனப்பெயர், ‘பார்’, ‘மகிழ்’, ‘எதிர்’ ஆகியவற்றின் வெவ்வேறான உறுப்புகளை நீக்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே 2 கோட்டுக் குறியை ஒட்டினார்கள். அந்தக் குறிக்கு அங்கே ஒலியும் இல்லை, பொருளும் இல்லை. காரணம் சொல்லிக் கற்பித்திருக்கக்கூடிய எழுத்துகளை இப்போது குழந்தை வெறுமனே மனப்பாடம் செய்கிறது. ‘அன்பு’ என்ற எழுத்தின் நடுவிலிருந்த ‘இதயம்’ எடுக்கப்பட்டுவிட்டதை நினைத்து வருந்துவோர் பலர். எனக்கு அதைவிட இந்தக் கோழியின் நிலைதான் பெரிய குறையாகத் தெரிகிறது, ஏனெனில் இதயம் போனதால் உணர்வுக்கு ஒரு நெருடல் ஏற்படுகிறது. உறுப்பின் தர்க்கம் போவதால் கற்றலுக்கே தடை ஏற்படுகிறது.

எளிமைக்கும் எல்லை உண்டு என்பதைச் சீன மக்களே காட்டினார்கள். 1977 டிசம்பரில் இரண்டாம் கட்டத் திட்டம் ஒன்று வெளியிடப்பட்டு, நாளிதழ்களில்கூடப் பயன்படுத்தப்பட்டது. அரைகுறை எழுத்துகளாகத் தோன்றிய அவற்றை வாசகர்கள் ஏற்கவில்லை. சில மாதங்களிலேயே அச்சில் நிறுத்தப்பட்டு, 1986-இல் முறையாகத் திரும்பப் பெறப்பட்டது.

இனித் தமிழுக்கு வருகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிச்சுவரில் ராஜராஜன் வெட்டிவைத்த வரிகளுக்கு முன் நாம் நின்றால், மொழி நம்முடையது, எழுத்து நமக்குத் தெரியாதது. ஏட்டுச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டப்படவில்லை. அந்த வேறுபாட்டைத் தெளிவாக்கிய வீரமாமுனிவர் நம் கொள்ளிடக் கரையின் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்தவர். இப்படி வடிவங்கள் மாறிக்கொண்டே வந்தும் தமிழ் அறுபடவில்லை, ஏனெனில் நாம் மீண்டும் கற்க வேண்டிய அடிப்படை வடிவங்கள் சில பத்துகளே. விருப்பமுள்ள ஒருவர் சில மாதப் பயிற்சியில் கல்வெட்டு வாசிக்கத் தொடங்கிவிடுகிறார். சீனத்தில் அன்றாட வாசிப்புக்கே 3,500 எழுத்துகள் வேண்டும். ஆகவே அங்கே வடிவ மாற்றத்தின் விலை பன்மடங்கு. எழுத்து முழுவதும் மாறிவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சரசுவதி மகால் நூலகத்தில் பாருங்கள். மராட்டிய மன்னர் காலத்து ஆவணங்கள், மராட்டி மொழியை முன்பு எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் குவிந்திருக்கின்றன. தேவநாகரியில் மராட்டி படித்தவர்கள்கூடத் தனிப் பயிற்சியின்றி அவற்றை வாசிக்க இயலாது.

எனவே, தமிழில் இன்னும் பல எழுத்துகளை மாற்றுவதை நான் ஆதரிக்கவில்லை. உகர, ஊகார வடிவங்களை ஒழுங்குபடுத்தலாம் என்ற யோசனை நெடுங்காலமாக உள்ளது. அவை ஒழுங்கற்றவைதாம், ஆனால் அதனால் எந்தக் குழந்தையும் பள்ளியை விட்டு நின்றதாக நான் கண்டதில்லை, தாங்களும் கண்டிருக்க மாட்டீர்கள். அச்சிட்ட நூல்கள் அத்தனையையும் வருங்காலத் தலைமுறைக்குச் சற்றே அந்நியமாக்கிவிடும் ஒரு மாற்றத்துக்கு அந்தச் சிறு வசதி போதிய ஈடாகாது.

கேள்வி: எளிய வடிவம் பொதுவுடைமை அரசின் கண்டுபிடிப்பு என்பது சரியா? – திருவையாறு

பதில்: சரியல்ல. பள்ளிக்கல்வியில் எளிய எழுத்துகளைப் பயன்படுத்த வேண்டும் என்று லூஃபெய் குவெய் என்பவர் 1909-இலேயே எழுதினார். பின்னாளில் தைவானுக்குச் சென்று மரபு வடிவத்தின் காவலராக நின்ற அதே தேசியவாத அரசுதான், 1935-இல் 324 எளிய எழுத்துகளை அறிவித்து, எதிர்ப்புக்குப் பணிந்து 1936-இல் திரும்பப் பெற்றது. சுருக்க வடிவங்களில் பெரும்பகுதி, கடைக்காரரும் கணக்கரும் எழுத்தரும் பல நூற்றாண்டுகளாகக் கையால் விரைந்து எழுதியவை. நம் பத்திரங்களிலும் நெல் கணக்குகளிலும் ஆண்டு, மாதம், ரூபாய் என்பவற்றை ௵, ௴, ௹ என்று எழுதினார்கள் அல்லவா, அதுபோன்ற தேவையிலிருந்து வந்தவை அவை. இன்றும் தைவான்காரர் தம் நாட்டின் பெயரைக் கையால் எழுதும்போது, ‘தை’ என்பதற்கு 14 கோட்டு முழு வடிவத்தை விட்டு 5 கோட்டு வடிவத்தையே பெரும்பாலும் எழுதுகிறார்.

கேள்வி: நான் கல்லூரியில் வரலாறு படிக்கிறேன். எங்கள் ஊரில் முன்பு சீனக் கோபுரம் ஒன்று இருந்தது என்றும், சீன எழுத்தில் கல்வெட்டு இருந்தது என்றும் பேராசிரியர் சொன்னார். அந்தக் கல் இன்று கிடைத்தால், எளிய வடிவம் மட்டுமே படித்த சீன இளைஞரால் வாசிக்க முடியுமா? – ஒரு மாணவி, நாகப்பட்டினம்

பதில்: இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது இதுதான், அம்மா. புதுவெளிக் கோபுரம் என்று உள்ளூர் மக்களும், சீனர் கோபுரம் என்று ஐரோப்பியரும் அழைத்த செங்கல் கோபுரம் ஒன்று நாகையில் 1867 வரை நின்று, பிறகு இடிக்கப்பட்டது. 14-ஆம் நூற்றாண்டில் கடல்வழியே பயணம் செய்த வாங் தாயுவான் என்ற சீனர், சமவெளி ஒன்றில் செங்கல்லால் கட்டிய உயரமான கோபுரத்தையும், அதிலிருந்த சீன எழுத்துகளையும் தம் நூலில் குறித்திருக்கிறார். அவர் சொல்லும் ஊரை ஆய்வாளர்கள் நாகப்பட்டினத்தோடு இணைத்துப் பார்க்கிறார்கள். அந்தக் கோபுரமும் 1867-இல் இடிந்த கோபுரமும் ஒன்றேதான் என்பதை உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

அவர் எடுத்தெழுதிய வாசகம் எட்டே எழுத்துகள் கொண்டது: ‘சியென்ச்சுன் மூன்றாம் ஆண்டு எட்டாம் மாதம் பணி நிறைந்தது’. சியென்ச்சுன் என்பது அன்றைய சீனப் பேரரசரின் ஆட்சிப் பெயர்; அதன் மூன்றாம் ஆண்டு கி.பி. 1267. இப்போது உங்கள் கேள்விக்கு விடை: இந்த எட்டில் ஏழு எழுத்துகள் இன்றைய எளிய முறையிலும் மாறவே இல்லை. ஆட்சிப் பெயரின் இரண்டு எழுத்துகள், மூன்று, ஆண்டு, எட்டு, மாதம், பணி ஆகிய ஏழும் அப்படியே உள்ளன. ‘நிறைந்தது’ என்பதைக் குறிக்கும் ‘பி’ என்ற ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. அதிலும், மேற்பகுதியில் ‘பி’ என்றே ஒலிக்கும் வேறோர் எழுத்தை ஒலிக்குறியாக வைத்திருக்கிறார்கள். பெய்ஜிங்கில் படிக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவர் அந்தக் கல்லின் முன் நின்றால் ஏழு எழுத்துகளைத் தடையின்றி வாசிப்பார். எட்டாவதையும் சூழலிலிருந்து ஊகித்துவிடுவார்.

சீனக் கல்லில் உள்ளதெல்லாம் இவ்வளவு எளிதாகிவிடும் என்று இதிலிருந்து பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எண்ணும் மாதமும் ஆண்டும் முன்பே எளிமையான எழுத்துகள் என்பதால் நமக்கு வாய்த்த நல்ல சான்று இது. ஆனாலும், 750 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த வரியைச் சீனச் சிறுவன் வாசிக்கிறான்; ஏறத்தாழ அதே காலத்தில் உங்கள் ஊரைச் சுற்றியுள்ள கோயில்களில் வெட்டப்பட்ட தமிழை நம் பிள்ளைகள் வாசிக்க முடியவில்லை. வரலாறு படிக்கும் தாங்கள் கல்வெட்டு வாசிப்பை இந்த ஆண்டே கற்கத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் ஆலையிலிருந்து சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் அரிசி அனுப்பத் திட்டமிட்டுள்ளோம். பையில் சீனத்திலும் அச்சிட வேண்டும். கணினியில் ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொண்டால் போதுமா? – அரிசி ஆலை உரிமையாளர், பாபநாசம்

பதில்: எந்தத் திசையில் மாற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எளிமையாக்கியபோது, ஒரே மாதிரி ஒலித்த சில மரபு எழுத்துகளை ஒன்றாக்கிவிட்டார்கள். ‘கு’ என்று ஒலிக்கும் ‘தானியம்’ என்ற எழுத்துக்குள் கதிர் தாங்கிய பயிரைக் காட்டும் உறுப்பு ஒன்று இருந்தது. அதை நீக்கிவிட்டு, அதே ஒலியுடைய ‘பள்ளத்தாக்கு’ என்ற எழுத்தையே தானியத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். நெல் விளையும் ஊரில் இருப்பவனுக்கு இந்த ஒன்றுமட்டும் சற்று வலிக்கத்தான் செய்கிறது. அதேபோல் ‘மியென்’ என்ற ஓர் எழுத்து இன்று முகத்தையும் மாவையும் குறிக்கிறது. ‘ஃபா’ என்பது வெளியிடுவதையும் தலைமயிரையும் குறிக்கிறது. ஆகவே மரபிலிருந்து எளியதற்குக் கணினி மாற்றினால் தவறு பெரும்பாலும் வராது. எளியதிலிருந்து மரபுக்கு மாற்றும்போது இரண்டில் எது என்று அது தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால், மாவு இருக்க வேண்டிய இடத்தில் முகம் வந்து நிற்கக்கூடும். ஹாங்காங் வழக்கு அறிந்த ஒருவரைக்கொண்டு முதலில் மரபு வடிவத்தில் எழுதி வாங்குங்கள். அதிலிருந்து சிங்கப்பூருக்கான எளிய வடிவத்தை எடுத்துக்கொண்டு, அங்குள்ள ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சொற்களும் ஊருக்கு ஊர் மாறும்: வாடகைக் காருக்கே பெய்ஜிங்கில் ஒரு சொல், தைவானில் ஒரு சொல், ஹாங்காங்கில் ஒரு சொல், சிங்கப்பூரில் ஒரு சொல் வழங்குகிறது.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. அரிசியைக் குறிக்கும் ‘மி’ என்ற 6 கோட்டு எழுத்து இரண்டு முறைகளிலும் ஒன்றே. ‘யின்து பாய் மி’, அதாவது ‘இந்திய வெள்ளை அரிசி’ என்ற நான்கு எழுத்துகளிலும் எந்த மாற்றமும் இல்லை. பையின் முகப்பில் பெரிதாக வருவதற்கு ஒரே அச்சு போதும். பின்பக்கத்தில் நிகர எடை, விளைந்த இடம் முதலிய சிறு எழுத்துகளுக்கு மட்டும் இரண்டு அச்சுகள் செய்துகொள்ளுங்கள்.